நெஞ்சுவலியும் யாரும் படிக்காத எக்ஸ்ரே படமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடுமையான நெஞ்சுவலியோடு மருத்துவமனைக்கு வந்த ஒருவருக்கு மாரடைப்பு இல்லை என்பதும், இதயத்தை ஒட்டி வளர்ந்திருந்த நீர்க்கட்டியே வலிக்குக் காரணம் என்பதும் தெரியவந்து, அந்தக் கட்டியை அறுவை சிகிச்சை செய்து அகற்றினார்கள் என்ற செய்தியைத் தங்கள் நாளிதழில் அண்மையில் படித்தேன். தலைப்பில் 'இதயத்தில் கட்டி' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். தக்கலையில் தேநீர்க் கடையில் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்களில் சிலர் அதைப் புற்றுநோய் என்றே புரிந்துகொண்டிருந்தார்கள். வேறு சிலர், நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனால் இப்படித்தான் இல்லாததை எல்லாம் கண்டுபிடித்து அறுத்துவிடுவார்கள் என்றார்கள். இரண்டுமே தவறு, இரண்டாவது உயிருக்கே ஆபத்தானது. அரசு மருத்துவமனைகளின் எக்ஸ்ரே பிரிவில் நுண்கதிர் வீச்சாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத அனுமதிக்க வேண்டுகிறேன். நான் மருத்துவன் அல்லன். நோய் இன்னதென்று முடிவு செய்வது மருத்துவர்களின் பொறுப்பு. ஆனால் இந்த நோயின் கதை பெரும்பாலும் எக்ஸ்ரே அறையில்தான் தொடங்குகிறது என்பதால், அந்த அறையில் நடப்பவற்றையும் நடக்கத் தவறுபவற்றையும் சொல்லும் தகுதி எனக்கு உண்டு என்று நம்புகிறேன்.

முதலில் கட்டி எங்கே இருக்கிறது என்பதைத் தெளிவுபடுத்திவிடலாம். இதயத்தைச் சுற்றி இரண்டு அடுக்குகள் கொண்ட ஓர் உறை உண்டு. அடுக்குகளுக்கு இடையே சிறிதளவு திரவம் இருப்பதால் இதயம் உராய்வின்றித் துடிக்க முடிகிறது. செய்தியில் வந்த கட்டி இதயத் தசைக்குள் முளைத்தது அன்று. இந்த உறையை ஒட்டி வெளிப்புறத்தில் அமைவது. தாயின் வயிற்றில் கரு வளரும்போது பல சிறு குழிகள் ஒன்றோடொன்று கூடித்தான் இதய உறையின் உட்குழி உருவாகிறது; அவற்றில் ஒன்று மற்றவற்றோடு சேராமல் தனியே நின்றுவிட்டால் அதுவே பின்னாளில் நீர்க்கட்டியாகத் தங்கிவிடுகிறது என்ற விளக்கத்தை 1940-ல் லாம்பர்ட் என்ற மருத்துவர் முன்வைத்தார். பெரும்பாலான கட்டிகளுக்கு இன்றும் இந்தப் பிறவிக் காரணமே சொல்லப்படுகிறது. அறுவை சிகிச்சையில் இத்தகைய கட்டியை முதன்முதலாக அகற்றியவர் அமெரிக்காவின் ஓட்டோ பிக்கார்ட். அது நடந்தது 1931-ல். கட்டியின் சுவர் மிக மெல்லியது. உள்ளே இருப்பது பெரும்பாலும் தெளிந்த நீர். இளநுங்கின் கண்ணுக்குள் மெல்லிய தோலுக்கு அடியில் நிற்கும் நீரை நினைத்துக்கொண்டால் அதன் தன்மை எளிதில் விளங்கும். அது புற்றுநோய் அன்று. புற்றுநோயைப் போல மற்ற உறுப்புகளுக்குப் பரவுவதும் இல்லை.

இது எவ்வளவு அரிதானது என்றால், மருத்துவ நூல்கள் ஒரு லட்சம் பேரில் ஒருவருக்கு என்று கணக்குச் சொல்கின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்தவர்கள் சுமார் 18 லட்சத்து 70 ஆயிரம் பேர். அந்த விகிதத்தை அப்படியே பொருத்திப் பார்த்தால், நீரோடியிலிருந்து ஆரோக்கியபுரம் வரையிலும், மலைப்பக்கம் பேச்சிப்பாறை வரையிலும் சேர்த்து, இருபது பேரைக்கூடத் தேற்ற முடியாது. அவர்களிலும் முக்கால்வாசிப் பேருக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது. வேறு ஏதோ காரணத்துக்காக எக்ஸ்ரேயோ ஸ்கேனோ எடுக்கும்போது, பெரும்பாலும் முப்பது நாற்பது வயதில், தற்செயலாகக் கண்ணில் படுவதுதான் வழக்கம். ஆகவே நெஞ்சுவலி வந்த ஒவ்வொருவரும் தமக்கு இந்தக் கட்டி இருக்குமோ என்று அஞ்சுவதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

அப்படியானால் அமைதியாகக் கிடக்கும் கட்டி திடீரென்று வலியை எழுப்புவது ஏன்? பல வழிகள் உண்டு. கட்டிக்குள் இரத்தம் கசிந்தால் அது சட்டென்று விரிவடைந்து உறையை இழுக்கிறது. கிருமித் தொற்று ஏற்பட்டால் சுற்றுப்புறம் அழற்சி அடைகிறது. சில கட்டிகள் ஒரு காம்பில் தொங்குவதுபோல் அமைந்திருக்கும். அந்தக் காம்பு முறுக்கிக்கொண்டால் இரத்த ஓட்டம் தடைபட்டு வலி தாங்க முடியாததாகிவிடும். கட்டி பெரிதானால் மூச்சுக்குழலின் கிளையையோ இதயத்தின் வலப்பகுதியையோ அழுத்தி, இருமல், மூச்சுத்திணறல், படபடப்பு போன்றவற்றைத் தரும். மிக அரிதாக, கட்டி வெடித்தோ இரத்தம் கசிந்தோ இதய உறைக்குள் திரவம் நிறைந்து, இதயம் விரிய இடமில்லாமல் போகலாம். அப்போது இரத்த அழுத்தம் சரிந்து, கழுத்து நரம்புகள் புடைத்து, நோயாளி மயங்கிவிடுவார். மணிக்கணக்கில் காத்திருக்க அங்கே நேரம் இருக்காது. அரிய கட்டியின் அரிய விளைவு இது என்றாலும், வந்தவருக்கு அது நூற்றுக்கு நூறுதான்.

இதையெல்லாம் எழுதும்போதே ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். திடீர் நெஞ்சுவலி என்றால் முதலில் மாரடைப்பு என்றுதான் கருத வேண்டும். இ.சி.ஜி. எடுத்து, மாரடைப்பு அன்று என்று மருத்துவர் சொல்லும் வரையில் வேறு எந்தக் காரணத்தையும் நாமாக நினைத்துக்கொள்ளக் கூடாது. நெஞ்சுவலிக்காரர் மருத்துவமனைக்குள் நுழைந்த பத்து நிமிடங்களுக்குள் இ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதே உலகெங்கும் ஏற்கப்பட்ட விதி. முதல் இ.சி.ஜி. சரியாக இருந்தாலும் மாரடைப்பு இல்லை என்று ஆகிவிடாது. இதயத் தசை பாதிக்கப்பட்டதா என்று காட்டும் ட்ரோபோனின் என்ற இரத்தப் பரிசோதனையும் முதல் ஓரிரு மணி நேரத்தில் பொய் ஆறுதல் தரக்கூடும் என்பதால், சில மணி நேரம் கழித்துத் திரும்பவும் எடுக்கிறார்கள். 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்கீழ் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதற்கட்ட மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப ஏற்பாடு இருக்கிறது. அருகில் இருக்கும் சுகாதார நிலையத்தைத் தாண்டிக்கொண்டு, தெரிந்த தனியார் மருத்துவரைத் தேடி நாற்பது நிமிடம் காரில் போவதைக் காட்டிலும் அது மேல்.

நம் மாவட்டத்தில் இந்த முதல் படியிலேயே பலர் தடுமாறுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அதிகாலையில் ரப்பர்ப் பால் வெட்டப் போனவருக்கு நெஞ்சு அடைத்தால், வாயு என்று சொல்லிச் சுக்கு வெந்நீர் கொடுப்பார்கள். இல்லையென்றால் கடையில் எலுமிச்சை பிழிந்த சோடா. நெஞ்சில் எப்போதோ அடிபட்டது இப்போது வேலை காட்டுகிறது என்று வர்ம ஆசானிடம் அழைத்துச் செல்வதும் உண்டு. வர்ம மருத்துவத்துக்குப் பேர்போன மண்ணில் பிறந்தவன் நான். எலும்பு முறிவுக்கும் சுளுக்குக்கும் ஆசான்களிடம் போனவர்கள் என் வீட்டிலேயே இருக்கிறார்கள். அவர்களை இழிவுபடுத்துவது என் நோக்கம் அன்று. அனுபவமுள்ள ஆசான் ஒருவரே, நெஞ்சு வலிக்கிறது, வியர்க்கிறது என்று வந்தவரைத் தொடாமல், முதலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்று திருப்பி அனுப்பியதை நான் அறிவேன். ஆழ்கடல் மீன்பிடிப்புக்குப் போகும் தூத்தூர்ப் பகுதி மீனவர்களின் நிலை இன்னும் கடினம். கரைக்குத் திரும்பவே நாட்கள் ஆகும் இடத்தில் நெஞ்சுவலி வந்தால் என்ன செய்வது என்பது தனியாகவே எழுத வேண்டிய விஷயம்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். இ.சி.ஜி. இரண்டு முறையும் சரியாக இருந்து, ட்ரோபோனினும் இரண்டு முறையும் சரியாக இருந்து, மாரடைப்பு இல்லை என்று உறுதியான பிறகு என்ன நடக்கிறது? பெரும்பாலான இடங்களில் 'கேஸ் டிரபிள்' என்று சொல்லி, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை எழுதிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பலருக்கு அது உண்மையாகவே இரைப்பை சார்ந்த வலியாகத்தான் இருக்கும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மாரடைப்பு இல்லை என்பதற்கும் வேறெதுவும் இல்லை என்பதற்கும் இடையே பெரும் தூரம் இருக்கிறது. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய இரத்தக்குழாயான மகாதமனியின் சுவர் கிழிவது, நுரையீரல் இரத்தக்குழாயில் இரத்தக்கட்டி அடைப்பது, நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்து அது சுருங்கிவிடுவது, இதய உறை அழற்சி ஆகிய எல்லாமே திடீர் நெஞ்சுவலியாகத்தான் தொடங்குகின்றன. இந்த வரிசையின் கடைசியில் எங்கோ ஒரு மூலையில் நீர்க்கட்டியும் நிற்கிறது. இவற்றில் பலவற்றின் முதல் தடயம் ஒரு சாதாரண நெஞ்சு எக்ஸ்ரேயில் கிடைத்துவிடக்கூடும். அந்த எக்ஸ்ரே பெரும்பாலும் எடுக்கப்பட்டும் விடுகிறது. அதைப் பொறுமையாகப் பார்த்து எழுத்தில் அறிக்கை தருவதுதான் நடப்பதில்லை.

படம் எடுக்கும் முறையைப் பற்றி இங்கே கொஞ்சம் விளக்கினால், நான் ஏன் இதை வற்புறுத்துகிறேன் என்பது புரியும். நல்ல நெஞ்சுப் படம் வேண்டுமானால் நோயாளி நின்றபடி நெஞ்சைப் பலகையோடு சேர்த்து, தோள்களை முன்னோக்கித் தள்ளி, மூச்சை முழுவதும் இழுத்துப் பிடிக்க வேண்டும். கதிர் ஏறத்தாழ ஆறு அடி தூரத்தில் முதுகுப் பக்கமிருந்து வர வேண்டும். மூச்சு நன்றாக இழுக்கப்பட்டதா என்பதைப் படத்திலேயே எண்ணிப் பார்க்கலாம்: நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்துக்கு மேலே முதுகுப்புற விலா எலும்புகள் பத்து வரை தெரிய வேண்டும். இந்தக் கட்டிகளில் பாதிக்கும் மேற்பட்டவை இதயத்தின் வலது விளிம்பும் உதரவிதானமும் சந்திக்கும் மூலையில்தான் அமைகின்றன. அதற்கு அடுத்தபடி இடப்பக்க மூலையில். மூச்சை அரைகுறையாக இழுத்தால் உதரவிதானம் மேலேறி நின்று, சரியாக அந்த மூலையையே மூடிவிடும். வலியால் துடிப்பவரைப் படுக்க வைத்து, நடமாடும் கருவியைக் கொண்டு முன்புறமிருந்து குறைந்த தூரத்தில் எடுத்த படத்தில் இதயம் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும், மூலைகள் மங்கிவிடும். அவசரத்தில் வேறு வழியில்லை என்பதால் அப்படி எடுப்பதில் தவறு கிடையாது. நோயாளி சற்றுத் தேறி எழுந்து நிற்கும் நிலைக்கு வந்ததும் முறையாக இன்னொரு படம் எடுக்காமல், அந்த முதல் படத்தையே இறுதியாகக் கொள்வதுதான் தவறு.

நன்றாக எடுத்த படத்திலும் நீர்க்கட்டி ஒரு சாதாரண நிழலாகத்தான் தெரியும். விளிம்பு மழுமழுவென்று, வட்டமாகவோ முட்டை வடிவிலோ, இதயத்தின் ஓரத்தோடு ஒட்டி நிற்கும். அதே இடத்தில் கொழுப்புத் திரட்சி இருந்தாலும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். பருமனானவர்களுக்கு அது சர்வ சாதாரணம். உதரவிதானத்தில் பிறவியிலேயே இருக்கும் சந்து வழியாக வயிற்றுக்குள் இருக்க வேண்டிய கொழுப்போ குடலோ மேலே ஏறியிருந்தாலும் அதே மூலையில்தான் நிழல் விழும். பக்கவாட்டில் ஒரு படம் எடுத்தால் அந்த நிழல் முன்னே இருக்கிறதா பின்னே இருக்கிறதா என்பது ஓரளவு விளங்கிவிடும். ஒரு காலத்தில், சந்தேகம் வந்தால் கேட்காமலே பக்கவாட்டுப் படமும் எடுத்துக் கொடுக்கும் பழக்கம் இருந்தது. ஸ்கேன் வந்த பிறகு அந்தப் பழக்கம் மெல்ல மறைந்துவிட்டது. ஸ்கேன் எடுக்க வேண்டியவர் யார் என்பதை எக்ஸ்ரேதான் சொல்ல வேண்டும் என்பதை மறந்துவிட்டோமோ என்று எனக்கு ஐயம் உண்டு.

எங்கள் பகுதியில் நான் நேரில் அறிந்த ஒருவரின் அனுபவத்தைச் சொல்கிறேன். வளைகுடா நாடு ஒன்றில் நெடுங்காலம் ஓட்டுநராக இருந்து ஊர் திரும்பியவர், நாற்பதைக் கடந்தவர், புகைப் பழக்கம் இல்லாதவர். ஒரு நாள் பின்னிரவில் நெஞ்சின் வலப்பக்கம் குத்தும் வலி எழுந்தது. மூச்சை இழுக்கும்போது வலி கூடியது. குடும்பத்தார் தாமதிக்காமல் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார்கள். இ.சி.ஜி., இரத்தப் பரிசோதனை எல்லாம் முறையாகச் செய்தார்கள். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். ஆனால் படத்தையும் தரவில்லை, அறிக்கையும் தரவில்லை. கேட்டபோது கணினித் திரையைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பினார்கள். வாயு என்று மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். சில வாரங்கள் கழித்து வலி மறுபடியும், முன்னைவிடக் கடுமையாக வந்தது. இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் புதிதாக நிற்க வைத்துப் படம் எடுத்து, இதயத்தின் வலது மூலையில் இருந்த நிழலைக் கவனித்தார். கட்டி என்ற வார்த்தையைக் கேட்டதுமே வீட்டில் அழுகை தொடங்கிவிட்டது.

அந்த நேரத்தில் கைகொடுத்தது ஒரு பழைய எக்ஸ்ரே. வளைகுடா வேலைக்குப் போகும் நம் மாவட்டத்தார் எல்லோருக்கும் தெரிந்தபடி, விசாவுக்கான மருத்துவப் பரிசோதனையில் நெஞ்சு எக்ஸ்ரே கட்டாயம். பல ஆண்டுகளுக்கு முன் அதற்காக முயன்ற காலத்தில் தனியாக எடுத்துப் பார்த்த ஒரு படத்தை அவர் மனைவி பீரோவில் பத்திரமாக வைத்திருந்தார். அதே இடத்தில், அளவில் சிறியதாக, அதே வடிவில் நிழல் அதிலும் இருந்தது. யாரும் அன்று பொருட்படுத்தியிருக்கவில்லை. கொழுப்பு என்று கருதியிருக்கலாம். பத்தாண்டுகளுக்கு மேலாக அங்கேயே இருந்து, விளிம்பு கலையாமல் மெதுவாகப் பெருத்த ஒன்று தீய கட்டியாக இருப்பது அரிது என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் அந்தக் குடும்பம் மூச்சுவிட்டது. அடுத்து எடுத்த சி.டி. ஸ்கேனில் அது இதய உறை நீர்க்கட்டி என்றும், உள்ளே இரத்தம் கசிந்திருக்கிறது என்றும் தெரிந்தது. திருவனந்தபுரத்தில், நெஞ்சில் சிறு துளைகள் இட்டுக் கேமரா வழியே பார்த்துச் செய்யும் முறையில் அகற்றினார்கள். திசுப் பரிசோதனையிலும் சாதாரண நீர்க்கட்டி என்றே வந்தது. இப்போது அவர் பழையபடி வண்டி ஓட்டுகிறார். முதல் மருத்துவமனையின் படத்தில் நிழல் தெரிந்ததா இல்லையா என்று என்னால் சொல்ல முடியாது. கைப்பேசிப் படத்தில் கூரை விளக்கின் பிரதிபலிப்பு சரியாக அந்த மூலையில்தான் விழுந்திருந்தது.

சி.டி. ஸ்கேன் எப்படி இதைப் பிரித்தறிகிறது என்பதையும் வாசகர்கள் தெரிந்துகொள்ளலாம். அந்தக் கருவி உடலின் ஒவ்வொரு புள்ளிக்கும் அடர்த்தியைக் குறிக்கும் ஓர் எண்ணைத் தருகிறது. ஹவுன்ஸ்ஃபீல்டு எனப்படும் அந்த அளவையில் தண்ணீருக்குச் சுழியம். காற்றுக்குக் கழித்தல் ஆயிரம். கொழுப்பு சுழியத்துக்குக் கீழே நிற்கும். தெளிந்த நீர் உள்ள கட்டி சுழியத்தை ஒட்டியே காட்டும். நரம்பில் சாய மருந்து செலுத்தினாலும் அதன் உட்பகுதி ஒளிராது. இரத்தம் கசிந்திருந்தால் எண் கூடிவிடும். அப்போது திடக் கட்டியோ என்ற ஐயம் எழும் என்பதால் எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம். ஒலி அலைகளைக் கொண்டு இதயத்தைப் பார்க்கும் எக்கோ பரிசோதனையில் கதிர்வீச்சு இல்லை, செலவும் குறைவு. கட்டி இதயத்தை அழுத்துகிறதா, உறைக்குள் திரவம் சேர்கிறதா என்பதை நோயாளியின் படுக்கையருகிலேயே பார்த்துவிடலாம். ஆனால் கட்டி அமைந்திருக்கும் இடத்தைப் பொறுத்து அது எக்கோவில் தப்பிவிடவும் கூடும். நெஞ்சு எக்ஸ்ரேக்கு ஆகும் கதிர்வீச்சைக் காட்டிலும் நெஞ்சு சி.டி.க்கு ஆகும் கதிர்வீச்சு பல பத்து மடங்கு. எனவே கட்டியைத் தொடர்ந்து கண்காணிக்க ஒவ்வொரு முறையும் சி.டி. எடுக்கச் சொல்லி நோயாளிகளே கேட்பது சரியன்று.

ஊசியால் நீரை உறிஞ்சிவிட்டால் போதாதா என்று பலரும் கேட்கிறார்கள். சில நோயாளிகளுக்கு அப்படியும் செய்கிறார்கள். ஆனால் மூன்றாண்டுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மீண்டும் நீர் சேர்ந்துவிடுவதாக மருத்துவ இலக்கியம் கூறுகிறது. அதைவிடப் பெரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. நாயின் குடலில் வாழும் ஒரு வகை நாடாப்புழுவின் முட்டைகள் ஆட்டுக்கும், தப்பித்தவறி மனிதருக்கும் போய்ச் சேர்ந்து ஹைடாடிட் என்ற நீர்க்கட்டியை உண்டாக்கும். அது பெரும்பாலும் கல்லீரலிலும் நுரையீரலிலும் வரும்; அரிதாக இதயத்தை ஒட்டியும் வரும். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம். ஹைடாடிட் கட்டியை அறியாமல் குத்திவிட்டால் உள்ளிருக்கும் திரவம் கசிந்து, உயிரையே பறிக்கும் ஒவ்வாமை ஏற்படக்கூடும். புழுவின் கருக்களும் பரவும். ஆடு வளர்ப்பும் தெருநாய்களும் நிறைந்த ஊர்களில் அந்த ஐயத்தைத் தீர்த்துக்கொள்ளாமல் எந்த மருத்துவரும் ஊசியைக் கையில் எடுக்க மாட்டார். அதனால், உறிஞ்சி எடுத்தால் ஒரு நாளில் வீடு திரும்பலாமே என்று நோயாளியின் உறவினர்கள் மருத்துவரை நெருக்குவதைக் கைவிட வேண்டும்.

தொந்தரவு தராத கட்டிக்குப் பெரும்பாலும் எந்தச் சிகிச்சையும் தேவையில்லை. ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை படம் எடுத்து, வளர்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். தானாகவே மறைந்துபோன கட்டிகளும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. வலி தரும் கட்டி, வளர்ந்துகொண்டே போகும் கட்டி, பக்கத்து உறுப்பை அழுத்தும் கட்டி, என்னவென்று உறுதியாகச் சொல்ல முடியாத கட்டி ஆகியவற்றுக்கே அறுவை. எனவே செய்தியைப் படித்துவிட்டு, தற்செயலாகக் கண்டறியப்பட்ட கட்டியோடு நலமாக இருக்கும் ஒருவர் உடனே அறுத்துவிட வேண்டும் என்று பதற வேண்டியதில்லை. செய்தியாளர்கள் இத்தகைய அறுவைகளை எழுதும்போது, கட்டி புற்றுநோய் அன்று என்பதையும் நோயாளி எந்தக் காரணத்தால் அறுவைக்கு உள்ளானார் என்பதையும் இரண்டு வரிகளில் சேர்த்துவிட்டால் பலருடைய தூக்கம் கெடாது. எத்தனை கிராம் எடையுள்ள கட்டி என்பதில் அவர்கள் காட்டும் ஆர்வத்தில் பாதியை இதற்குக் காட்டலாம்.

வளைகுடா வேலைக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பரிசோதனையில் நெஞ்சில் நிழல் என்று சொல்லித் தகுதியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட இளைஞர்கள் பலர் அந்த அவமானத்தில் படத்தையே கிழித்துப் போட்டுவிடுகிறார்கள்; இல்லையென்றால் இடைத்தரகர் சொல்கிறார் என்று ஏதாவது மாத்திரையை விழுங்கிவிட்டு வேறு மையத்தில் முயல்கிறார்கள். நிழலுக்குக் காரணம் ஆறிப்போன காசநோய்த் தழும்பாக இருக்கலாம், சிகிச்சை தேவைப்படும் காசநோயாக இருக்கலாம், இப்படி ஒரு பிறவிக் கட்டியாகவும் இருக்கலாம். விசா கிடைக்காதது ஒருபுறம் இருக்க, அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவில் காட்டினால், நிழல் எதனால் என்பதாவது தெரிந்துவிடும். அங்கே இதற்குப் பணம் கேட்பதில்லை.

மாவட்ட சுகாதாரத் துறைக்கும் தனியார் மருத்துவமனைகளுக்கும் தங்கள் நாளிதழ் வாயிலாக நான் வைக்கும் கோரிக்கை பெரியது அன்று. நெஞ்சுவலிக்காக எடுக்கப்படும் ஒவ்வொரு எக்ஸ்ரேக்கும் கதிரியல் மருத்துவர் ஒருவரின் எழுத்து அறிக்கை, அன்றே இல்லாவிட்டாலும் மறுநாளாவது, நோயாளியின் கையில் சேர வேண்டும். குழித்துறை, குளச்சல் போன்ற ஊர்களின் அரசு மருத்துவமனைகளில் கதிரியல் மருத்துவர் எந்நேரமும் இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது என்பதை நான் அறிவேன். எத்தனை பேருக்கு எத்தனை படம் பார்க்க வேண்டியிருக்கிறது என்ற சுமையும் எனக்குத் தெரியாததன்று. ஆனால் இன்று படங்கள் எல்லாம் கணினி வழிப் படங்கள். அவற்றை ஆசாரிபள்ளத்துக்கு அனுப்பி அறிக்கை பெறுவதற்குத் தொழில்நுட்பத் தடை ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அறிக்கை வரும் முன்பே நோயாளி வீடு திரும்பியிருந்தால், அவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லும் பொறுப்பு யாருடையது என்பதையும் முடிவு செய்துவிட வேண்டும். பொறுப்பு இன்னாருடையது என்று எழுதி வைக்காத இடத்தில் அறிக்கை கோப்பிலேயே தூங்கிவிடும். இதை நான் அரசுப் பணியில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன்.

படத்தின் அசலையும் நோயாளிக்குத் தர வேண்டும். ஃபிலிமாகத் தர முடியாவிட்டால் குறுந்தகட்டிலாவது தரலாம். சாதாரணத் தாளில் அச்சிட்டுக் கொடுக்கும் படத்தையும் கைப்பேசியில் பிடித்த படத்தையும் வைத்துக்கொண்டு பின்னாளில் எந்த மருத்துவராலும் ஒப்பிட்டுப் பார்க்க முடியாது. வீடுகளில் இருக்கும் பழைய ஃபிலிம்களைச் சூரிய கிரகணம் பார்க்க வெட்டியும், ஓட்டு வீட்டின் பரணில் ஈரத்தில் ஒட்டிக்கொள்ள விட்டும் வீணாக்குகிறோம். கிரகணத்தை எக்ஸ்ரே ஃபிலிம் வழியாகப் பார்ப்பது கண்ணுக்கும் கேடு. ஒவ்வொன்றின் உறைமீதும் பெயர், வயது, எடுத்த தேதி ஆகியவற்றை எழுதி, ஈரம் படாத இடத்தில் நிறுத்தி வைத்தால் பல ஆண்டுகளுக்குக் கெடாது. மருத்துவமனைகளும், முன்பு செய்ததுபோல, அறிக்கைத் தாளைப் பட உறையின் வெளிப்பக்கத்தில் ஒட்டிக் கொடுக்கும் நடைமுறையைத் திரும்பக் கொண்டுவரலாம். அதற்கெனத் தனி நிதி ஒதுக்கீடு எதுவும் வேண்டியதில்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாசகன்,
ஓய்வுபெற்ற நுண்கதிர் வீச்சாளர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.